பைலட் படிப்புக்கு வீட்டை அடகு வைக்கும் முன்

மலேசியாவில் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடிவு வந்த வாரத்தில், பேராக்கின் சுங்கை சிப்புட் மாதிரி ஊர்களில் கல்லூரிக்காரர்கள் மண்டபம் எடுத்து மேசை போடுவார்கள். கணக்கியல், நர்சிங் வரிசையில் இப்போது பைலட் படிப்புக்கும் ஒரு மேசை உண்டு. அங்கே முதலில் காதில் விழுவது, "உலகம் முழுக்க பைலட் பற்றாக்குறை" என்பதுதான். செம்பனைக் குலை அறுத்தும் லாரி ஓட்டியும் பிள்ளையைப் படிக்க வைத்த பெற்றோர் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, தாமான் வீட்டுப் பட்டா எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தேடுகிறார்கள். விமானி வேலையை உள்ளிருந்து பார்த்தவர்கள் என்ற முறையில் அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

பற்றாக்குறை என்பது பொய் இல்லை. போயிங் 2024-ல் வெளியிட்ட கணிப்பு, 2043 வரை உலகத்துக்கு 674,000 புதிய விமானிகள் தேவை என்றது. ஆனால் கணிப்பது விமானம் விற்கும் நிறுவனம். கணிப்பும் இருபது ஆண்டுக்கான மொத்தக் கணக்கு. உங்கள் பிள்ளை உரிமம் வாங்கும் அந்த ஒரு வருடத்தில் இங்கே யாராவது ஆள் எடுப்பார்களா என்பதற்கு அதில் விடை கிடையாது.

யார் பற்றவில்லை என்று கேட்டால்தான் விஷயம் பிடிபடும். குறைவாக இருப்பவர்கள் கேப்டன்கள். ஒரு கேப்டனை அவசரத்துக்கு உருவாக்க முடியாது. கேப்டனாகத் தேவைப்படும் ஏடிபிஎல் உரிமத்துக்கே 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். கேப்டன் நாற்காலியில் உட்கார வைக்கப் பல நிறுவனங்கள் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் கேட்கின்றன. மறுபக்கம் 65 வயது நிறைந்தால் அனைத்துலக விமானச் சேவையில் பறக்க முடியாது. கோவிட் காலத்தில் பல நாடுகளில் மூத்த விமானிகளை முன்கூட்டியே ஓய்வில் அனுப்பியதால் ஓட்டை இன்னும் பெரிதானது. பயிற்சிப் பள்ளியிலிருந்து வரும் இளைஞரிடம் இருப்பதோ 150 முதல் 200 மணி நேரம். மாடியில் ஆள் இல்லை, படிக்கட்டில் நெரிசல்.

இன்னொன்றும் உண்டு, மேசைக்காரர் சொல்லமாட்டார். புதிதாகச் சேரும் துணை விமானி, ஒரு குறிப்பிட்ட விமான வகையை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங் தகுதியை முடித்த பிறகும் உடனே சாதாரண கேப்டனோடு பறந்துவிட முடியாது. பயிற்சி கொடுக்கத் தகுதி பெற்ற கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்து பயணிகளோடு பல பயணங்கள் ஓட்டிக் காட்டி, சோதித்து, கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பயிற்சிக் கேப்டன்கள்தான் எல்லாரிலும் அரிதானவர்கள். ஆகவே கேப்டன் தட்டுப்பாடு முற்றும்போது புதியவர்களை எடுக்கும் வேகம் குறையவும் செய்யும். "பற்றாக்குறை இருக்கிறது, ஆகவே வேலை உறுதி" என்ற கணக்கு இங்கேதான் உடைகிறது.

சீன நிறுவனங்கள் ஒரு காலத்தில் வெளிநாட்டுக் கேப்டன்களுக்கு ஆண்டுக்கு மூன்று லட்சம் அமெரிக்க டாலர் வரை கொடுத்தன. நம் பிள்ளைகள் காதிலும் அந்தத் தொகைதான் விழுந்திருக்கிறது. அது குறிப்பிட்ட விமான வகையில் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட்டிய கேப்டன்களுக்குக் கொடுத்த விலை. இந்தியாவிலும் அப்படியே. வெளிநாட்டு உரிமத்துக்கு அங்கே கொடுக்கும் தற்காலிக அனுமதி அனுபவம் உள்ள விமானிகளுக்காக இருப்பது. மலேசியாவில் 200 மணி நேர உரிமம் வாங்கிய பிள்ளை "இங்கே இல்லாவிட்டால் இந்தியா" என்று கிளம்ப முடியாது.

இந்தத் தொழிலில் அலை எவ்வளவு சீக்கிரம் திரும்பும் என்பதை நம் நாடே பார்த்திருக்கிறது. 2020-ல் வேலை போன ஒரு கேப்டன் சீருடையோடும் தொப்பியோடும் நூடல்ஸ், லக்சா விற்ற படம் ஊடகமெங்கும் வந்தது. 2022 டிசம்பரில் பறக்கத் தொடங்கிய மைஏர்லைன் 2023 அக்டோபர் 12 அன்று திடீரென்று சேவையை நிறுத்தியது. ஒரு நிறுவனம் படுத்தால் டைப் ரேட்டிங்கும் அனுபவமும் உள்ள விமானிகள் ஒரே நாளில் வேலை தேடி வெளியே வருகிறார்கள். அவர்கள் வரிசையில் நிற்கும்போது புதியவர் விண்ணப்பம் அடியில் போய்விடும். அமெரிக்காவில் 2022, 2023-ல் விமானி கிடைக்காமல் சம்பளம் ஏறியது. டெல்டாவில் 2023 ஒப்பந்தப்படி நான்கு ஆண்டில் 34 விழுக்காடு. மறு வருடமே ஸ்பிரிட் நிறுவனம் விமானிகளைச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பியது. பிராட் அண்டு விட்னி எஞ்சின் கோளாறால் ஏ320 நியோ வகை விமானங்கள் நூற்றுக்கணக்கில் தரையில் நின்றதும் ஒரு காரணம். ஓட்ட விமானம் இல்லாவிட்டால் ஓட்டுநருக்கு என்ன வேலை?

சம்பளத்துக்கு வருவோம். வேலை நேர்காணலுக்குப் போகும் பிள்ளைகளே இதைச் சரியாகக் கேட்டு வருவதில்லை. விமானியின் மாதச் சம்பளம் ஒரு தொகை இல்லை. அடிப்படைச் சம்பளம் ஒன்று, பறந்த மணிக்கு அலவன்ஸ் ஒன்று, வெளியூர்த் தங்கலுக்கு ஒன்று. பறந்த மணி என்பது பிளாக் ஹவர்: விமானம் நின்ற இடத்திலிருந்து நகர்ந்த நொடி தொடங்கி, போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்கும் நொடி வரை. புறப்பட ஒரு மணி நேரம் முன்பே வந்து வானிலையும் எரிபொருளும் பார்ப்பது அதில் சேராது. நடுவில் பயணிகள் இறங்கி ஏறும் நேரமும் சேராது.

கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏ-யிலிருந்து பினாங்குக்குப் போய்த் திரும்புவது இரண்டு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். பயணத்துக்கு ஒரு மணியாக நான்கு மணி பிளாக். முன்னால் ஒரு மணி, நடுவில் அரை மணியாக மூன்று நிறுத்தம், முடிவில் அரை மணி. மொத்தம் ஏழு மணி நேர வேலை, நான்கு மணிக்குத்தான் அலவன்ஸ். அதே விமானி சென்னைக்குப் போய்த் திரும்பினால் பயணத்துக்கு நான்கு மணியாக எட்டு மணி பிளாக், மொத்த வேலை பத்து மணி. வேலை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, அலவன்ஸ் இரண்டு மடங்கு. அதனால் "மணிக்கு எவ்வளவு?" என்று கேட்பதோடு நிற்கக் கூடாது. "மாதம் சராசரியாக எத்தனை பிளாக் ஹவர் வரும்? எந்தப் பாதைகள்? குறைந்தபட்சம் இத்தனை மணிக்குச் சம்பளம் உறுதி என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா?" இந்த மூன்றையும் கேட்க வேண்டும். கோவிட் மாதங்களில் விமானம் பறக்காதபோது அலவன்ஸ் முழுதும் நின்றது. பாதிக்கு மேல் அலவன்ஸை நம்பி வீட்டுக் கடனும் கார்க் கடனும் எடுத்தவர்கள் முதல் மாதமே திணறினார்கள். மாதக் கடன்களை அடிப்படைச் சம்பளத்துக்குள் அடக்கிக்கொள்வது ஒன்றுதான் இதற்குத் தற்காப்பு.

வேலை நேரத்துக்கு உச்சவரம்பு எல்லா நாட்டிலும் உண்டு. ஐரோப்பிய விதியை எடுத்துக்கொண்டால் 28 நாளில் 100 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது, ஒரு காலண்டர் ஆண்டில் 900. காலை ஆறு மணியிலிருந்து மதியம் ஒன்றரைக்குள் தொடங்கி இரண்டு பயணம் என்றால் ஒரு நாள் பணி 13 மணி நேரம் வரை போகலாம். மூன்றாவது பயணத்திலிருந்து ஒவ்வொன்றுக்கும் அரை மணி குறையும். மாலை ஐந்துக்கு மேல் அல்லது விடியற்காலை ஐந்துக்கு முன் தொடங்கினால் 11 மணி நேரம். மேலே உள்ள எண்களைப் பார்த்தால் ஆண்டுக்கு 900 மணி சுகமான வேலை போலத் தோன்றும். அது பறக்கும் நேரம் மட்டும். அதற்கு வெளியே தயாரிப்பு, காத்திருப்பு, சிமுலேட்டர் சோதனை, ஸ்டேண்ட்பை எல்லாம் இருக்கின்றன.

ஸ்டேண்ட்பை நம் ஊர்ப் பிள்ளைகளை நேரடியாகப் பாதிக்கும். கூப்பிட்டால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். சுங்கை சிப்புட்டிலிருந்து கேஎல்ஐஏ மூன்று மணி நேரக் கார்ப் பயணம். அம்மா சமையலைச் சாப்பிட்டுக்கொண்டு, வாடகை மிச்சம் பிடித்து, ஊரிலிருந்தே வேலைக்குப் போகலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சாலாக் திங்கியிலோ நீலாயிலோ அறை வாடகையை முதல் மாதத்திலிருந்தே செலவில் சேர்த்துவிடுங்கள். காலை ஐந்து மணிப் பணிக்கு இரவு ஒரு மணிக்கு ஊரிலிருந்து காரை எடுக்கும் பிள்ளை, விமானத்தில் ஏறும்போதே தூக்கத்தில் பாதி இழந்தவன்.

2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவில் பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். துணை விமானி முந்தின இரவு சியாட்டிலிலிருந்து நாட்டின் குறுக்கே பறந்து வேலைக்கு வந்திருந்தார். வேலையிடத்துக்குப் பக்கத்தில் வீடு எடுக்கும் அளவுக்குச் சம்பளம் இல்லை என்பதும் விசாரணையில் பேசப்பட்டது. அந்த விபத்துக்குப் பிறகுதான் அங்கே துணை விமானிக்கும் 1,500 மணி நேரம் கட்டாயம் ஆனது. மங்களூரில் 2010 மே 22 அன்று 158 பேரைப் பலிகொண்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விபத்தில், கேப்டன் பயணத்தின் பெரும்பகுதி தூங்கியிருந்தார், விழித்த மயக்கத்தில் தவறாக முடிவெடுத்தார் என்று விசாரணை கண்டது. இந்தோனேசியாவில் 2024 ஜனவரி 25 அன்று கெண்டாரியிலிருந்து ஜக்கர்த்தாவுக்கு 153 பயணிகளோடு போன பாத்திக் ஏர் விமானத்தில் இரண்டு விமானிகளும் ஒரே சமயத்தில் 28 நிமிடம் தூங்கிவிட்டார்கள். துணை விமானி வீட்டில் ஒரு மாத இரட்டைக் குழந்தைகள். பிள்ளை பைலட் ஆன பிறகு, "நேற்றுதானே லீவு, கோவில் திருவிழாவுக்கு ஏன் வரவில்லை?" என்று சொந்தக்காரர்கள் கோபப்படும்போது பெற்றோர் நினைவில் வைக்க வேண்டியவை இவை. அவன் வீட்டில் படுத்துத் தூங்குவதும் வேலையின் பகுதி.

ஓய்வு விதியை இறுக்கினால் விமானிகள் அதிகம் தேவைப்படுவார்கள். இந்தியாவில் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தி, இரவுத் தரையிறக்கத்தை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்த விதி 2025-ல் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோ ஆயிரக்கணக்கில் பயணங்களை ரத்து செய்தது. விதி வரும் என்று முன்பே தெரிந்தும் ஆள் கணக்கைச் சரிசெய்யாததன் விளைவு அது. பற்றாக்குறை என்று செய்தியில் வருவதில் ஒரு பங்கு இந்த வகை.

இத்தனைக்கும் பிறகு பிள்ளை பிடிவாதமாக இருந்தால் மகிழ்ச்சி. நம் தோட்டத்துப் பிள்ளைகள் காக்பிட்டில் உட்கார வேண்டும் என்று விரும்பித்தான் எழுதுகிறோம். அப்போது வரிசையை மாற்றாதீர்கள். முன்பணத்துக்கு முன் மெடிக்கல். காம் எனப்படும் மலேசியச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் அங்கீகரித்த மருத்துவரிடம் முதல் நிலை மெடிக்கல் எடுக்க வேண்டும். கண், நிறக்குருடு, காது, ஈசிஜி, இரத்தம், சிறுநீர் எல்லாம் பார்ப்பார்கள். கண்ணாடி போட்டிருப்பது தடை இல்லை. நிறக்குருடு ஆண்பிள்ளைகளிடம் அதிகம், பலருக்கு இருப்பதே தெரியாது. குடும்பத்தில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருந்தால் இப்போதே உடம்பைக் கவனிக்கப் பழக்குங்கள். நாற்பது வயதுக்குள் ஆண்டுதோறும் இந்த மெடிக்கல் வரும். ஒரு முறை தவறினால் அன்றோடு பறக்க முடியாது. வேலை கிடைத்ததும், மருத்துவக் காரணத்தால் உரிமம் போனால் ஈடுகொடுக்கும் காப்புறுதி நிறுவனத்தில் உண்டா என்று கேட்க வேண்டியதும் இதனால்தான்.

அடுத்தது ஆங்கிலம். அனைத்துலகச் சிவில் விமான அமைப்பான ஐகாவோவின் அளவில் குறைந்தது நான்காம் நிலை வேண்டும். ஏடிபிஎல் பாடத் தேர்வுகள் முழுக்க ஆங்கிலத்தில். தமிழ்ப்பள்ளியில் தொடங்கியது ஒரு தடையே இல்லை. ஆனால் கணக்கு நன்றாகத் தெரிந்த பிள்ளைகள் கேள்வியின் ஆங்கிலத்தைத் தப்பாகப் படித்துத் தோற்பதைப் பார்த்திருக்கிறோம். எஸ்பிஎம் முடிந்த மாதங்களில் இயற்பியலை ஆங்கிலத்தில் மறுபடி படிப்பது நல்ல முதலீடு, செலவும் இல்லை.

பள்ளியைத் தேர்வு செய்யும்போது கட்டடத்தையும் சீருடையையும் பார்க்காதீர்கள். காம் வெளியிடும் அங்கீகரித்த பயிற்சி நிலையப் பட்டியலில் பெயர் இருக்கிறதா பாருங்கள். பிறகு நேரில் போய் விமானங்களை எண்ணுங்கள். பறக்கும் நிலையில் உள்ளவை எத்தனை, கொட்டகையில் எஞ்சின் கழற்றிக் கிடப்பவை எத்தனை? மாணவர்கள் எத்தனை பேர், பயிற்றுநர்கள் எத்தனை பேர்? 60 மாணவருக்குத் தலைக்கு 150 மணி என்றால் 9,000 மணி. ஐந்து விமானம் நாளைக்கு மூன்று மணியாக மாதம் 22 நாள் பறந்தால் மாதம் 330 மணிதான். 9,000 முடிய 27 மாதம் ஆகும். விளம்பரத்தில் 18 மாதம் என்று போட்டிருந்தால், மீதி ஒன்பது மாதச் சாப்பாடும் அறை வாடகையும் யார் தலையில் என்று கேளுங்கள். இதில் மழையைச் சேர்க்கவில்லை. பேராக்கில் மதியத்துக்கு மேல் இடி மேகம் கட்டும். கிளந்தானில் நவம்பர் தொடங்கி வடகிழக்குப் பருவமழை. பயிற்றுநர்களோ விமான நிறுவனம் ஆள் எடுக்கும்போது முதலில் கிளம்பிவிடுவார்கள். மாணவர் பறக்கும் இடைவெளி நீண்டால் கற்றது மறந்து, அதே பாடத்தை மறுபடி பறக்க வேண்டிவரும். அந்தக் கூடுதல் மணிக்குத் தனிக் கட்டணம்.

கட்டணம் இன்றைய நிலையில் மூன்று லட்சம் ரிங்கிட்டைச் சுற்றி நிற்கிறது, சில இடங்களில் அதற்கும் மேல். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஒரு காசு செலவழிக்காமல் சேர்த்தாலும் 14 ஆண்டு 8 மாதச் சம்பளம் அது. மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். வேண்டாம். கட்டம் கட்டமாகக் கட்டுங்கள்: தரைப் பாடம் முடிந்தால் ஒரு பங்கு, தனியாகப் பறந்தால் ஒரு பங்கு, அடுத்தடுத்து அப்படியே. பள்ளி பாதியில் மூடினால் முன்கூட்டிக் கட்டிய பணம் திரும்புவது மிகக் கடினம். பறந்த மணிகளைப் பதியும் லாக்புக்கில் ஒவ்வொரு பறத்தலுக்கும் அன்றன்றே பயிற்றுநர் கையெழுத்தை வாங்கி, வாரம் ஒரு முறை படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். வேறு பள்ளிக்கு மாற நேர்ந்தால் அந்தப் பக்கங்கள்தான் ஆதாரம். ஊழியர் சேமநிதியான ஈபிஎஃப் பணத்தை நம்பினால், 2024 மே 11 முதல் கணக்கு மூன்றாகப் பிரிந்துவிட்டது என்பதை நினைவில் வையுங்கள். கல்விக்கு எடுப்பது செஜாத்ரா கணக்கிலிருந்து மட்டும். இந்தப் படிப்புக்குப் பொருந்துமா என்று முகப்பிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ம.இ.கா.வின் கல்வி அமைப்பான எம்ஐஇடி கொடுக்கும் கல்விக் கடனையும் விசாரியுங்கள். விமான நிறுவனங்களே நடத்தும் கேடட் (பயிற்சி விமானி) தேர்வுக்கு முதலில் விண்ணப்பிப்பது எல்லாவற்றிலும் நல்லது. அங்கே தோற்றாலும் எதில் தோற்றோம் என்று ஓரளவு தெரியும்.

கடன் கணக்கில் பலர் மறப்பது காத்திருக்கும் காலம். 200,000 ரிங்கிட்டை ஆண்டுக்கு 6 விழுக்காட்டில் வாங்கி உடனே கட்டத் தொடங்கினால், பத்து ஆண்டுக்கு மாதம் 2,220 ரிங்கிட். படிப்பும் காத்திருப்புமாக மூன்று ஆண்டு கட்டாமல் விட்டு வட்டி ஏறினால் கடன் 239,000-ஐத் தாண்டும், மாதம் 2,660 ஆகிவிடும். அந்த மூன்று ஆண்டுக்குள் வேலை கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் இன்னொரு செலவு வரும். கருவி வழிப் பறத்தலுக்கான தகுதியை ஆண்டுதோறும் சோதனை கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும், மெடிக்கலும் எடுக்க வேண்டும். அதை விட்டுவிட்ட விண்ணப்பதாரரை நிறுவனம் கூப்பிடாது. படிப்புக்கு மூன்று லட்சம் திரட்டியவர்கள், காத்திருக்கும் ஓர் ஆண்டுக்கு ஒரு தொகையைத் தொடாமல் வைத்திருந்தால்தான் தாக்குப் பிடிக்கலாம். அந்த நேரத்தில் பயண ஒழுங்கு, பறப்புத் திட்டம் போடும் டிஸ்பேட்ச் மாதிரி விமான நிலையத்துக்குள்ளேயே ஒரு வேலை பார்ப்பது நல்லது.

கடைசியில் பாண்ட். டைப் ரேட்டிங் செலவை நிறுவனம் ஏற்றால், இத்தனை ஆண்டு வேலை செய்ய வேண்டும் என்று எழுதி வாங்கும். அது நியாயமே. பார்க்க வேண்டியது, தொகை மாதாமாதம் குறைகிறதா என்பதுதான். 150,000 ரிங்கிட், ஐந்து ஆண்டு என்றால் மாதம் 2,500 குறைய வேண்டும். மூன்று ஆண்டு கழித்து விலகினால் மீதி 60,000. குறையாத பாண்டில் கடைசி மாதம் விலகினாலும் முழு 150,000. நிறுவனமே ஆள் குறைத்தால், மூடினால், மெடிக்கல் போனால் பாண்ட் செல்லாது என்ற வரி இருக்கிறதா? இல்லாவிட்டால் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். பயணிகளை ஏற்றிப் பறக்கும் பயிற்சிக்கு விமானியே காசு கொடுக்க வேண்டும் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பாண்டிலும் கடனிலும் ஜாமீன் கையெழுத்து ஒருவரோ இருவரோ போட வேண்டும். நம் ஊரில் அது பெரும்பாலும் மாமா, இல்லாவிட்டால் தோட்டத்தில் கூட வேலை செய்த கூட்டாளி. பிள்ளை கட்டாவிட்டால் அவர் சம்பளத்திலிருந்தும் சொத்திலிருந்தும் வசூலிக்கலாம் என்பது அந்தத் தாளில் ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுதியிருக்கும். கையெழுத்துக் கேட்கப் போகும்போது நகலை ஒரு வாரம் முன்பே கொடுங்கள். அந்தப் பகுதியைத் தமிழில் படித்துக் காட்டுங்கள். அவர் முடியாது என்றால், அதோடு விட்டுவிட்டுச் சாப்பிட்டு வாருங்கள்.